கடுக்காய்த் தரையைத் தரிசு என்று எழுத வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் இருக்கும் ஒரு பரியாரி, நாட்டு வைத்தியன். வயது 69. எனக்கு முன் அப்பாவும், அவருக்கு முன் அவருடைய தாய்மாமனும் இதே திண்ணையில் இருந்துதான் மருந்து கொடுத்தார்கள். பத்திரிகைக்கு நான் எழுதுவது இது முதல் தடவை. கை நடுங்குவதால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சுச் செய்கிறாள். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், விஷயத்தை மட்டும் குறைத்துவிட வேண்டாம்.

கடந்த ஆடியில், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று உச்சத்தில் நின்ற நாட்களில், தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் ஒரு சிறு செய்தி வந்தது. அம்பாறைக்கு மேற்கே மலையடிவாரத்தில் புல்லும் பற்றையும் எரிந்தன என்றும், அது 'பயன்பாடற்ற தரிசு நிலம்' என்றும், மாரி தொடங்கியதும் அங்கே தேக்கு நடப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. எரிந்தது உண்மைதான். நடப்போவதும் உண்மையாக இருக்கலாம். தரிசு என்பது உண்மை இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தரையை நான் முதலில் பார்த்தது 1969இல், 12 வயதில். மருந்துச் சரக்குச் சேர்க்க அப்பா போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்பாறை வரை பஸ், பிறகு யாரோ தெரிந்தவரின் லொறி, பிறகு நடை. கல் ஓயாத் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, நீல்கல பக்கமாக. காடு என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் பக்கத்துக் காடுதான். வீரையும் பாலையும் முதிரையும் நெருங்கி நின்று வெயிலை உள்ளே விடாத காடு. அங்கே நான் பார்த்தது வேறு. இடுப்பளவுக்கு மானாப் புல். அதற்குள்ளே ஐந்து பாகத்துக்கு ஒன்று, பத்துப் பாகத்துக்கு ஒன்று என்று மரங்கள் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). வானம் முழுக்கத் தெரிந்தது. சிங்களத்தில் இப்படிப்பட்ட இடத்தைத் தலாவ என்பார்கள், தமன என்றும் சொல்வதுண்டு. பாடப்புத்தகத்தில் சவன்னா என்று இருக்கும். நம்மிடம் இதற்குத் தனியாக ஒரு சொல் புழங்கவில்லை. அப்பா கடுக்காய்த் தரை என்பார், நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏன் கடுக்காய்த் தரை என்றால், அங்கே நின்ற மரங்களில் அதிகம் கடுக்காய், தான்றி, நெல்லி. சிங்களவர்கள் அரளு, புளு, நெல்லி என்று ஒரே மூச்சில் சொல்லும் அதே மூன்று. திரிபலைச் சூரணத்தின் மூன்று சரக்கும் ஒரே தரையில், ஒன்றின் நிழல் மற்றதில் படாமல் நின்றுகொண்டிருந்தன. இடையிடையே வேங்கையும், சிங்களத்தில் கஹட்ட என்னும் மரமும். மருந்துப் பெட்டியை யாரோ நிலத்தில் கொட்டி வைத்தது போல எனக்கு இருந்தது. அந்தப் பக்கத்தவர்கள் பழைய அரசர் காலத்து மூலிகைத் தோட்டம் என்று கதை சொல்வார்கள். கதையை விடுங்கள். அந்த மரங்கள் ஏன் அங்கே அப்படி நிற்கின்றன என்பதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, எனக்குத்தான் அன்று விளங்கவில்லை.

எல்லா மரமும் அடியில் கறுத்திருந்தது. என் நெஞ்சளவு வரைக்கும் கரி. 'எல்லாம் செத்துப்போச்சா அப்பா?' என்று கேட்டேன். அவர் மடியில் இருந்த வில்லுக்கத்தியை எடுத்து ஒரு கடுக்காய் மரத்தின் பட்டையை நக அளவுக்குச் சீவிக் காட்டினார். மேலே கரி. அதன் கீழே வெடித்துக் காய்ந்த பட்டை. அதற்கும் கீழே தொட்டால் விரல் நனையும் ஈரம். 'எரிஞ்சது மேல்சட்டை மகன். மரம் உள்ளுக்க இருக்கு' என்றார்.

இரத்துகலப் பக்கத்து வேடர், அதாவது ஆதிவாசிகளின் பெரியவர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். இரண்டு பேரும் பாதி சிங்களத்திலும் பாதி கைச்சாடையிலும் கதைப்பார்கள். புல்லுக்குத் தீ வைப்பது பற்றி அவர் சொன்னதை அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். புல்லின் தலை காய்ந்து அடித்தண்டு இன்னும் பச்சையாக இருக்கும் நேரத்தில் வைக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு வைக்க வேண்டும், அப்போதுதான் இரவுப் பனியில் தானாகப் படுக்கும். காற்றுக்கு எதிர்முகமாக நடக்க விட வேண்டும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த வருடம் வைக்கக் கூடாது. அப்படி எரித்த தரையில் சில நாளில் பசும் தளிர் வரும், மானும் மரையும் யானையும் அதற்கு வரும். எரியாத துண்டில் கவுதாரி ஒதுங்கிக்கொள்ளும். இதைக் கேட்டபோது எனக்கு 12 வயது. பெரியவர்களின் கதை என்று காதில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு யுத்தம். 1983க்குப் பிறகு போக்கு வரத்துக் குறைந்தது, 1990க்குப் பிறகு அடியோடு நின்றது. அப்பா கடைசி வரை அங்கே திரும்பிப் போகவில்லை. 2011இல் நான் போனபோது பழைய மரங்கள் நின்றன. அப்பா பட்டை சீவிய மரம் எது என்று தேடினேன், தெரியவில்லை. தெரிந்தது வேறு ஒன்று. கிழட்டு மரங்கள் இருந்தன, இளமரங்கள் இல்லை. முழங்காலளவு கன்று, ஆளுயரக் கன்று, கைத்தடிப்பில் ஒரு மரம் என்று தேடிப் பார்த்தால் கண்ணில் படுவது அரிது. விசாரித்ததில், இப்போது ஒவ்வொரு வருடமும் தீ போகிறது என்றார்கள். அதுவும் ஆடி ஆவணியில், எல்லாம் சருகாகக் காய்ந்த பிறகு, நடுப்பகலில், கச்சான் காற்றின் முதுகில். தேன் எடுக்கப் போகிறவர் வைப்பது, வேட்டைக்காரர் வைப்பது, மாட்டுக்காரர் வைப்பது, சும்மா எறிந்த பீடித் துண்டு. நம் பக்கத்தில் இடி விழுந்து காடு எரிவது அபூர்வம். எரிகிறது என்றால் பெரும்பாலும் மனிதன் கை இருக்கும்.

இன்னொன்றும் பார்த்தேன். பாதையோரம் முழுக்கக் கினிப்புல் ஏறியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனமாக வந்த புல். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாக் கரையின் பெயரால் வந்த பெயர், ஆனாலும் சிங்களத்தில் கினி என்றால் நெருப்பு. மானாப் புல் இடுப்பளவு நின்றால் இது தலைக்கு மேலே நிற்கும். மானாவில் போகும் தீ மரத்தின் அடியைக் கறுக்க வைத்துவிட்டுப் போய்விடும். கினிப்புல்லில் போகும் தீ கொப்பைப் பிடிக்கும். 12 வயதில் நான் பார்த்த கரி என் நெஞ்சளவு. 2011இல் பார்த்த கரி என் தலைக்கு மேலே நாலு முழம்.

இதெல்லாம் மனதில் கிடந்தது. சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை. அதற்கு எங்கேயோ உள்ள ஒரு காட்டைப் பார்க்க வேண்டி வந்தது.

என் மூத்த மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறான். 2025 மாசி மாதக் கடைசியில் என்னை அழைத்துக்கொண்டான். அவனுடைய வீட்டிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் பைன் பாரன்ஸ் என்று ஒரு காடு. பாரன்ஸ் என்றால் மலட்டு நிலங்கள். ஐரோப்பாவில் இருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே கோதுமையும் மற்றதும் விதைத்துப் பார்த்தார்கள், வரவில்லை. வெறும் மணல், புளிப்பு மண், பெய்கிற மழை நின்று பார்க்காமல் கீழே இறங்கிவிடும். ஆகவே மலடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நம் கடுக்காய்த் தரைதான் ஞாபகம் வந்தது. அப்போது வேறு எந்த ஒற்றுமையும் தெரியாது, பெயர் மட்டும்தான்.

போகும் வழியில் பங்குனிக் குளிரில் புகை மணந்தது. பாதையோரத்தில் மஞ்சள் சட்டை போட்ட நாலைந்து பேர் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் கேத்தல் போல ஒரு பாத்திரம், அதன் மூக்கிலிருந்து நெருப்புச் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அவர்கள் நடந்த வழியெல்லாம் சருகில் முழங்காலளவு தீ. 'இவங்க யாரு?' என்று கேட்டேன். 'காட்டுத் தீயணைப்புப் படை அப்பா' என்றான் மகன். அணைக்கிறவர்களே கொளுத்துகிறார்கள். காரை நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். காலுறைக்குள் கால் விறைத்துவிட்டது.

அந்தப் படை 1906இல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி முதல் பங்குனி வரை, குளிர் இருக்கும்போது, ஈரம் இருக்கும்போது, காற்று அளவாக இருக்கும்போது, துண்டு துண்டாகக் காட்டின் அடியை எரிக்கிறார்கள். ஏன் என்றால் அந்தக் காட்டின் மரங்கள் தீயோடு வளர்ந்தவை. பிட்ச் பைன் என்பது முக்கியமான மரம். நாம் பைனஸ் என்று சொல்வோமே, அந்த இனம்தான், ஆனால் நேராக வளராது, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஊசி இலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். பட்டை தகடு தகடாகத் தடித்திருக்கும். முந்தைய வருடம் எரிந்த ஒரு துண்டுக்கு மகன் கூட்டிப் போனான். கரிக்கட்டை போல நிற்கும் அடிமரத்தில், கொப்பே இல்லாத இடத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு பச்சை ஊசிகள் கொத்துக் கொத்தாக வந்திருந்தன. தாடி முளைத்தது போல. நம் மலைநாட்டுப் பைனஸ் மரத்தில் நான் இப்படிப் பார்த்ததில்லை. பெரும்பாலான பைன் இனங்களுக்கு இது வராது. இந்த மரம் பட்டைக்குக் கீழே உறங்கும் மொட்டுகளை வைத்திருக்கிறது. மேலே எல்லாம் எரிந்தால் அவை கண் விழிக்கும். அடிமரமும் செத்தால் வேரடியில் இருந்து கிளம்பும்.

காய் அதைவிட ஆச்சரியம். அங்கே ஒரு பகுதியில் பைன் மரங்கள் குள்ளமாக இருக்கின்றன, ஆள் உயரம், மிஞ்சினால் இரண்டு ஆள் உயரம். நான் ஒரு மேட்டில் நின்று காட்டின் தலையைத் தாண்டி அடிவானத்தைப் பார்த்தேன். அந்தக் குள்ளக்காடு மற்றப் பகுதியைவிட அடிக்கடி எரிந்து வந்த இடம். அங்கே உள்ள மரங்களின் காய்கள் பழுத்தாலும் திறப்பதில்லை. பிசின் பூசி மூடியபடி வருடக்கணக்கில் கொப்பிலேயே இருக்கும். தீயின் சூட்டில் பிசின் இளகினால்தான் செதில் விரிந்து விதை விழும். அது விழும் நேரத்தில் கீழே சருகு எரிந்து வெறும் மணல் தெரியும், நிழல் போய் வெயில் விழும். அந்த விதைக்கு வேண்டியதும் அதுதான். தடித்த சருகின் மேல் விழுந்தால் அதன் வேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். ஒரு காயைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது. கடுக்காயை உடைக்கும் கல்லுரலில் போட்டால்கூட அது திறந்திருக்குமோ தெரியாது.

பைனுக்குக் கீழே பற்றை. இடுப்பளவு நிற்கும் குட்டை ஓக், ஹக்கிள்பெரி, புளூபெரி. தீ மேலே உள்ளதைத் தின்றாலும் இவை நிலத்துக்குக் கீழே உயிரை வைத்திருக்கும். அடுத்த வேனிலில் வேரடியில் இருந்து தளிர்க்கும், வெயில் கிடைத்ததால் காயும் கூடும். இன்று கடையில் பெட்டியில் அடைத்து விற்கும் பெரிய புளூபெரி அந்த மலட்டு நிலத்தின் பற்றையில் இருந்து தெரிந்தெடுத்து வளர்த்ததுதான். எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் பிரெடரிக் கோவில் என்ற தாவர அறிஞரும் சேர்ந்து முயன்று, 1916இல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார்கள். என் பேரன் தினமும் காலையில் தின்னும் பழம் மலட்டு நிலத்தின் பிள்ளை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். அந்தக் காட்டு ஓடைகளின் நீர் நம் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும். இலைச் சாயமும் இரும்பும் கரைந்த நிறம். மணலுக்கு அடியில் 17 இலட்சம் கோடி கலன் நீர் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு செல்வந்தர் அந்த நிலத்தைப் பெருமளவில் வாங்கி, நீரைப் பக்கத்து மாநிலத்தின் பிலடெல்பியா நகரத்துக்கு விற்கத் திட்டம் போட்டாராம். மாநில அரசு விடவில்லை. 1978இல் 11 இலட்சம் ஏக்கரை ஒரு தேசிய ஒதுக்கமாக அறிவித்தார்கள். மலடு என்று பெயர் வைத்த நிலம்தான்.

நான் அங்கே இருக்கும்போதே, சித்திரை மாதம், ஏப்ரல் 22ஆம் திகதி, அந்தக் காட்டில் பெரிய தீ. 15,000 ஏக்கருக்கு மேல் போனது. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது, பெருந்தெருவை மூடினார்கள். சரியாக அணைக்காமல் விட்ட ஒரு விறகுத் தீதான் காரணம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் 1963 ஏப்ரலில் இரண்டே நாளில் 180,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, மனிதரும் மாண்டிருக்கிறார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தீ நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. தொலைக்காட்சியில் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகளின் முகம் எனக்கு மறக்காது, அவளுடைய சிநேகிதி ஒருத்தி அந்தப் பக்கம் இருந்தாள். பங்குனியில் முழங்காலளவில் மேய்ந்த தீயும் சித்திரையில் மரத்தலைக்கு மேலே பாய்ந்த தீயும் ஒரே காட்டில் ஒரே மாதத்துக்குள் நான் அறிந்த தீ. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க என் வாய் வரவில்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பேர் இருக்கிறது. பற்பம் செந்தூரம் முடிக்கிற பரியாரி யாரும் 'தீயில் போடு' என்று சொல்ல மாட்டான். புடம் என்பான், அதாவது சரக்கைச் சட்டியில் மூடி வறட்டி அடுக்கி எரிப்பது, எந்தப் புடம் என்றும் சொல்வான். காடைப் புடம், கவுதாரிப் புடம், கோழிப் புடம், பன்றிப் புடம், யானைப் புடம். ஒரு சில வறட்டியில் தொடங்கி நூற்றுக்கணக்கான வறட்டி வரை போகும். கவுதாரிப் புடத்தில் முடிய வேண்டிய மருந்தை யானைப் புடத்தில் வைத்தால் சட்டியில் மிஞ்சுவது மருந்தில்லை, வெறும் சாம்பல். குறைத்து வைத்தாலோ நஞ்சு நீங்காத சரக்கு, அதைக் கொடுத்தால் ஆள் போய்விடும். வறட்டி ஈரமா, குழி எவ்வளவு ஆழம், காற்றடிக்கிறதா, எல்லாம் பார்த்துத்தான் பற்ற வைப்போம். அந்த வேடப் பெரியவர் 1969இல் சொன்னது, புல்லின் அடி பச்சையா, பொழுது சாய்ந்ததா, காற்று எந்தப் பக்கம், போன வருடம் எரிந்த இடமா என்று கேட்டது, இதே கணக்குத்தான். கேத்தலில் நெருப்புச் சொட்டும் அந்த மஞ்சள் சட்டைக்காரர்களும் வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம் எல்லாம் குறித்துக்கொண்டுதான் பற்ற வைக்கிறார்கள். என் அப்பாவும் அந்தப் பெரியவரும் இன்று இருந்திருந்தால் அந்தப் பாதையோரத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

நியூ ஜெர்சிக் காடும் நம் கடுக்காய்த் தரையும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். பைனில் பிசின் இருக்கிறது, தீ கொப்புக்குக் கொப்பு தாவும். நம்முடையது புல்லில் ஓடும் தீ. கடுக்காய் விதை திறக்க நெருப்பு வேண்டியதில்லை. அவர்களுக்கு எரிக்கும் காலம் குளிர்காலம், நமக்கு மாரி முடிந்து புல் தலை சாயத் தொடங்கும் காலம். ஆகவே அங்கே செய்ததை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலைநாட்டுப் பைனஸ் தோட்டங்களே சாட்சி. பண்டாரவளைப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கரீபியன் கரையில் இருந்து கொண்டுவந்து புல்மலைகளில் வரிசையாக நட்ட மரம் அது. தன் சொந்த மண்ணில் அதுவும் தீயோடு பழகிய மரம்தான், கீழே புல்லும் பற்றையும் அதற்குத் துணையாக இருக்கும். இங்கே மரம் மட்டும் வந்தது, துணைகள் வரவில்லை. உதிர்ந்த ஊசி மெத்தை போல் கிடக்கிறது, கீழே ஒன்றும் முளைப்பது குறைவு, வறட்சி வந்தால் எரிகிறது.

நமக்கு நெருங்கிய ஓர் உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள், நெல்லிக்காய் சேர்ப்பது அவர்களுடைய வருமானங்களில் ஒன்று. ஆண்டின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் மெல்லிய தீயை அவர்கள் தரகு பெங்கி என்பார்கள், சருகுத் தீ. 1974இல் அந்த மலை சரணாலயமாகி, தீ வைப்பது தடை செய்யப்பட்டது. பிறகு நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. தரை முழுக்க உண்ணிச்செடி அடைத்துக்கொண்டது. தீயை நிறுத்தியதுதான் காரணம் என்பது சோலிகரின் வாதம், ஆய்வாளர்களும் அதை எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதே நெல்லி, அதே திரிபலைச் சரக்கு. 2011இல் நான் நடந்த தரையிலும் ஓரங்களில் உண்ணிச்செடியைக் கண்டேன்.

இப்போது நம் ஊர் விஷயம். சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு மேற்குப் பக்கத்துப் புல்தரை ஒன்றில் மரநடுகை செய்தது. பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் செய்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் போனார்கள், பதாகை பிடித்துப் படமும் எடுத்தார்கள். தேக்குக் கன்றுகள். குழி வெட்டுவதற்கு இடைஞ்சல் என்று இருந்த நெல்லி மரங்கள் சிலவற்றை வெட்டினார்கள் என்று கூடப் போன பிள்ளை ஒன்று வந்து சொன்னது. சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போய் முறையிட்டேன். 'அது வெறும் புல்லுத்தரை ஐயா, மரம் வந்தால் நல்லதுதானே' என்றார் அங்கே இருந்த தம்பி. மரியாதையாகத்தான் கதைத்தார், தேத்தண்ணியும் தந்தார். அடுத்த ஆடியில் தீ போனது. தேக்குக் கன்று ஒன்றும் மிஞ்சவில்லை. கறுத்த தரையில் உருகிய பொலித்தீன் பைகள் வரிசையாகக் கிடந்தன. வெட்டிய நெல்லிகளின் அடிக்கட்டையில் இருந்து மட்டும் விரல் நீளத்துக்குத் தளிர் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.

திரிபலைக்கு இன்று நான் பயன்படுத்தும் கடுக்காய் இந்தியாவில் இருந்து மூட்டையில் வருவது. சில மூட்டையில் பாதி பூச்சி. கொட்டை நீக்கித்தான் இடிக்க வேண்டும், கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பது எங்கள் பாடம், உடைத்துப் பார்த்தால்தான் பூச்சி தெரியும். பக்கத்து மலையடிவாரத்தில் நிற்கும் மரத்தைத் தரிசு என்று எழுதிவிட்டுக் கடல் தாண்டி அதே காயை வாங்குகிறோம். மருந்து மட்டும் இல்லை. அந்தப் புல்தரைகள் சேனாநாயக்க சமுத்திரத்துக்கு நீர் வரும் பக்கம். 1954இல் கல் ஓயாப் பூங்காவை அமைத்ததே அந்தக் குளத்தின் நீரேந்து நிலத்தைக் காப்பதற்குத்தான். சரிவில் புல்வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. வருடா வருடம் கடைசி வேர் வரை எரித்தாலோ, புல்லைக் கிளறிக் குழி வெட்டினாலோ, மாரியின் முதல் மழையில் மண் குளத்துக்குத்தான் போகும். அந்தக் குளத்து நீரில்தான் அம்பாறை வயல்கள் விளைகின்றன, நீங்களும் நானும் அந்த அரிசியைத்தான் தின்கிறோம்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள். காடு எரிந்தது என்று செய்தி வந்தால், எந்தக் காடு என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வீரையும் பாலையும் நிற்கும் நம் அடர்காட்டில் தீ போயிருந்தால் அது பெரிய இழப்பு. அந்த மரங்களுக்குத் தீப் பழக்கம் இல்லை, போனால் திரும்ப எத்தனையோ காலம் எடுக்கும், அந்த இடத்தில் முதலில் வருவது கினிப்புல்லும் பற்றையும்தான். அதை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் தகும். கடற்கரைச் சவுக்குத் தோப்பு எரிந்தாலும் அப்படித்தான். கடுக்காய்த் தரையில் போயிருந்தால், எந்த மாதம், போன வருடமும் எரிந்ததா, தீ புல்லோடு போனதா மரத்தில் ஏறியதா என்று எழுதுங்கள். வாசிக்கிறவர்களுக்கு அதிலேயே பாதி விளங்கிவிடும்.

அதிகாரிகளிடமும் கேட்கிறேன். அந்தத் தரைகளில் வெளி மரம் நடுவதை நிறுத்துங்கள். கினிப்புல்லைப் பாதையோரத்திலேயே வெட்டி எடுக்க ஏதாவது செய்யுங்கள். தீயை எங்கே தடுப்பது, எங்கே எந்த மாதத்தில் அளவோடு விடுவது என்று முடிவு செய்ய, மாட்டுக்காரரையும் தேன் எடுப்பவரையும் வேட ஊர்ப் பெரியவர்களையும் ஒரே பாயில் இருத்திக் கேளுங்கள். அவர்களைப் பிடித்துத் தண்டம் அறவிடுவதால் தீ நிற்கவில்லை, பயந்து வைத்துவிட்டு ஓடுகிறார்கள், ஓடுகிறவன் தீக்குக் காவல் நிற்க மாட்டான். சட்டத்தை மீறி யாரும் நாளைக்கே நெருப்புப் பெட்டியோடு போக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இது தெரிந்தவர்கள் கூடி, அனுமதியோடு, ஆள் நின்று செய்யும் வேலை.

மரம் நட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அங்கே இல்லாமல் போனது இளம் கடுக்காய். என் வளவில் 43 கன்றுகள் பையில் நிற்கின்றன, போன வருடம் ஊறவைத்துப் போட்டவை, முளைத்தது பாதிதான். ஆள் உயரம் வரும்வரை, நாலைந்து வருடமாவது, கன்றைச் சுற்றி இரண்டு பாகத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீ அண்டாமல் பார்க்க வேண்டும். அதன் பிறகு அது தன் மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளும். செதுக்குவதற்கு ஆள் தருகிறோம் என்று எந்தப் பாடசாலையோ சங்கமோ முன்வந்தால் கன்றுகளை நான் சும்மா தருகிறேன். எங்கே நடுவது என்று காட்ட நானும் வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, லொறி போகும் இடம் வரை வந்து கையை நீட்டிக் காட்டுவேன். கார்த்திகை மழைக்கு முன் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பரியாரி,
தம்பிலுவில்.